நங்கூரம் போட்ட ரோடு

சாளைக்குடியில் புது ரோடு போட்டுத் தார் சூடு ஆறிய மறு வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பூசை முடிந்து சனங்கள் கோயிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், கடல் ஏறத் தொடங்கியது, கடலோடு சேர்ந்து ரோடும் ஏறத் தொடங்கியது. கரையில் தொடங்கி, தேரிக்காட்டுச் செம்மணலை நடுவே வெட்டிக்கொண்டு, மேற்கே விலக்கில் பெரிய ரோட்டோடு போய் முட்டுகிற அந்தக் கறுப்பு ரோடு, ஒரு விரிசல் விடாமல், முழுசாக, யாரோ ஒரு முனையைப் பிடித்து இழுத்த பாய் மாதிரி மேற்கே நகர்ந்தது. அதன்மேல் படுத்துக் கிடந்த வெள்ளாடுகள் நகர்ந்தன, காயப் போட்டிருந்த சாளைக் கருவாடு நகர்ந்தது, குத்தவைத்து டீ குடித்துக்கொண்டிருந்த கபிரியேலும் நகர்ந்தான். பிறந்ததிலிருந்து வள்ளத்தில் நிற்கிறவன் ஆகையால் கிளாசிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

“ஏட்டி பனி, ரோட்டுக்கு ஏத்தம் வந்திருக்கு. நான் விலக்கு வரைக்கும் போயிட்டு வத்தத்துல வந்திருதேன்” என்று அவன் போகிற போக்கில் கத்தினான்.

“போறதுதான் போறீரு, விலக்குல கொத்தமல்லித் தழை கெடச்சா வாங்கிட்டு வாரும்” என்றாள் அவன் பெண்டாட்டி பனிமயம்.

கடல் ஏறினால் ஏத்தம், இறங்கினால் வத்தம். இது சாளைக்குடியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். வேறு ஊராக இருந்தால் டிவிக்காரன் வந்திருப்பான், சோதிடன் வந்திருப்பான், நாலு பேர் சாமியாடியிருப்பார்கள். சாளைக்குடிக்காரர்களோ அன்று மத்தியானம் கடல் இறங்கியதும் ரோடும் கிழக்கே இறங்கி, கரையைத் தாண்டித் தன் தலையைக் கடலுக்குள் முக்கிக்கொண்டதைப் பார்த்துவிட்டு, “ஆமா, வெயில் என்ன கொஞ்சமா அடிக்குது” என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள். பனிமயம் மட்டும்தான் சோலிக்குப் போகாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனென்றால் அந்தச் சிறுக்கிதான் பஞ்சாயத்துத் தலைவி, அந்த ரோட்டுக்குக் கடல்தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தவளும் அவள்தான்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பனிமயத்துக்கு ஒரே மகள், ரெக்ஸ்லின். அவளைத் திண்டுக்கல்லில் பிரிட்டோ என்கிற நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். பையன் நல்லவன், பையனைப் பெற்றவள் லெயோனம்மாள்தான் கறார்க்காரி. கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றே சம்பந்தியம்மாவின் கார் தேரி மணலில் பாதிச் சக்கரம் புதைந்துபோய், பட்டுச்சேலையும் குதிகால் செருப்புமாக அவள் கொதிக்கிற மணலில் ஊர் வரைக்கும் நடந்து வந்தாள், வந்து, கொடுத்த கலர் சோடாவை வாங்காமலே, “இந்த ஊர்ல மனுசங்கதான் இருக்காங்களா?” என்று கேட்டாள். இப்போது ரெக்ஸ்லின் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அது உலகத்துக்கே தெரிந்த முறை. ஆனால் லெயோனம்மாள் போனில் ஒரே போடாகப் போட்டாள்: “ரோடு இல்லாத ஊருக்கு நெறமாசப் பிள்ளைய அனுப்ப எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? தார் ரோடு போடுங்க, அனுப்புறேன். இல்லைன்னா பிரசவம் இங்கதான், நீங்க வந்து ஆஸ்பத்திரியில பாத்துட்டுப் போங்க.”

வந்து பார்த்துட்டுப் போகவா! பனிமயம் அன்று ராவு சோறு தின்னவில்லை. மறுநாளே பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்குப் போய், கூடையில் மீனும் வாயில் வசவுமாக, ஒரு அதிகாரிக்கு மீனைக் கொடுத்தாள், ஒரு அதிகாரிக்கு வசவைக் கொடுத்தாள், எது யாருக்கு வேலை செய்ததோ, அப்பன் பாட்டன் காலத்தில் வராத ரோடு வந்தே விட்டது.

ரோடு என்றால் என்ன, தாரா? தார் வெறும் மேல்பூச்சு. அடியில் கிராவலும் ஜல்லியும் கொட்டி, தண்ணீரை ஊற்றி ஊற்றி, ரோலரை ஏற்றி ஏற்றி உருட்டினால்தான் ரோடு. அந்தத் தண்ணீரில்தான் வந்தது வினை. பாதி வேலையில் காண்டிராக்டர் லிங்கதுரை துண்டால் முகத்தைத் துடைத்தபடி பனிமயத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“தலைவரம்மா, தண்ணி இல்லாம ஜல்லி இறுகாது. நம்ம டேங்கர் போற கெணறு வத்திப்போச்சு. ஒங்க பஞ்சாயத்து டேங்கைத் தொறந்து வுடுங்க, இல்லன்னா மழை விழுந்த பெறகு பாப்போம்.”

“மழையா? அண்ணாச்சி, இந்த ஊர்ல மழை எப்ப விழும்னு மாதாவுக்கே தெரியாது. எம்புள்ள வயித்துல இருக்கது மழைக்காகக் காத்துக் கெடக்குமா?”

“அப்பம் டேங்கைத் தொறங்க.”

“குடிதண்ணிய எடுத்து ரோட்டுல ஊத்துனா ஊர்ப் பொம்பளையெல்லாம் என்னைய உரிச்சுக் கருவாடு போட்டுருவாளுவ” என்ற பனிமயம், கிழக்கே கையைக் காட்டினாள். “இந்தா, இவ்வளவு தண்ணி சும்மாதான கெடக்கு.”

லிங்கதுரை கடலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “அது உப்பும்மா. இப்ப நல்லா இறுகும், இல்லைன்னு சொல்லல. பின்னால பொங்கும், பூக்கும், என்னென்னமோ செய்யும்.”

“செய்யட்டும். ஆவணிக்குள்ள ரோடு வரணும், அவ்வளவுதான்.”

அப்படியாகத்தான் டேங்கர் கடலில் வாயை வைத்தது, ஜல்லி கடலைக் குடித்தது, ரோலர் அதன்மேல் ஏறி ஏறி இறங்கியது. என்னென்னமோ செய்யும் என்று லிங்கதுரை சொன்னதில் இதுவும் அடக்கம் என்று அந்த மனுசனுக்கே தெரியாது.

ரோட்டின் குணத்தை ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஏத்தத்தில் ரோடு மேற்கே ஏறி விலக்கில் பெரிய ரோட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது பஸ் வரும், ஐஸ் வண்டி வரும். வத்தத்தில் கிழக்கே இறங்கி, தலை கடலுக்குள்ளும் வால் தேரிக்காட்டு நடுவிலுமாகக் கிடக்கும், அப்போது வால் முனையிலிருந்து விலக்கு வரை பழையபடி வெறும் மணல்தான், எவனும் வர முடியாது, போக முடியாது. பஸ் கண்டக்டர் டெப்போவில் கொடுத்த நேரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கபிரியேலிடம் பிறையைக் கேட்டு பஸ் விட்டார். வத்த நேரத்தில் இளவட்டங்கள் டிவிஎஸ் வண்டியில் ஏறி நேரே கடலுக்குள் போனார்கள், ரோட்டின் தலைமாட்டில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, கால் நனையாமல் தூண்டில் போட்டார்கள். ரோடு திரும்பக் கரையேறும்போது நடுவில் போட்ட வெள்ளைக் கோட்டில் கணவாய் ஒட்டிக்கொண்டு வந்தது, நண்டுகள் இடதுபக்கமாகவே ஒழுங்காக நடந்து வந்தன. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்ட வேகத்தடை ஏத்தத்தில் சாராயக்கடை வாசலுக்குப் போய்விட்டது, அங்கேதான் அது அதிகம் தேவைப்பட்டது. சாராயக்கடை வாசலில் விழுந்து கிடந்த குடிகாரர்களை வத்தம் பத்திரமாக அவரவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது. பிரசங்கம் கேட்டுத் திருந்தாத புருஷன் ரோடு கொண்டுவந்து போட்டு வீட்டுக்கு வருகிறானே என்று பெண்டுகள் சந்தோஷப்பட்டார்கள், ஒன்றிரண்டு பேரை வீடு மாற்றி இறக்கியதில் கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது, அதையும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

சண்டை வராமலும் இல்லை. “நான் கூட்டிப் பெருக்குன ரோடு இப்ப அவ வாசல்ல போயி நிக்குது, அவ போட்ட குப்பை ரோடு என் வாசலுக்கு வந்திருக்கு, இது என்ன நியாயம்?” என்று பஞ்சாயத்துக் கூடியது. எந்தத் துண்டு வாசலில் நிற்கிறதோ அந்தத் துண்டைப் பெருக்க வேண்டியது என்று பனிமயம் தீர்ப்புச் சொன்னாள். தாருக்கு அடியிலிருந்து உப்புப் பூத்து அப்பளம் மாதிரி பொக்குளம் பொக்குளமாகக் கிளம்பியபோது, பெண்கள் தோசைக்கரண்டியால் அதைத் தட்டி உடைத்து உப்பை வழித்துக் கருவாட்டுக்குப் போட்டார்கள், கருவாடு லேசாகத் தார் வாசம் அடித்தது, வெளியூர்க்காரன் அதையே விரும்பிக் கேட்டு வாங்கினான். பங்குச் சாமியார்தான் கொஞ்சம் குழம்பிப்போனார். புது வள்ளம் என்றால் மந்திரித்துக் கடலில் இறக்குவது முறை, புது ரோடு என்றால் ரிப்பன் வெட்டுவது முறை. கடலுக்குப் போகிற ரோட்டுக்கு எது முறை? கடைசியில் ரெண்டையும் செய்தார். ரிப்பனை வெட்டி, தீர்த்தம் தெளித்து, “ஞாயித்துக்கிழமை மட்டும் கடலுக்குப் போகாம இரு ராசா” என்று ரோட்டைக் கேட்டுக்கொண்டார். ரோடு அந்த வாரமே ஞாயித்துக்கிழமை போனது. இளவட்டங்களே சொன்னால் கேட்பதில்லை, ரோடு என்ன கேட்கப்போகிறது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ரோட்டில் உப்புப் பூத்திருக்கிறது என்று எவனோ வேண்டாதவன் மேலே எழுதிப்போட்டுவிட்டான். என்ஜினியர் பார்க்க வருகிறார், உப்புத்தண்ணீர் என்று தெரிந்தால் மொத்த ரோட்டையும் பேத்து எடுத்துவிடுவார்கள் என்று தகவல் வந்தது. அடுத்த ஞாயிறு திண்டுக்கல்லில் ரெக்ஸ்லினுக்கு வளைகாப்பு. வளைகாப்பு முடிந்த கையோடு மகளைக் கூட்டிவர வண்டி பேசியாகிவிட்டது.

“பேத்துட்டா எம்புள்ள வர மாட்டா. அந்தக் கெழவி அனுப்ப மாட்டா” என்று பனிமயம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இதுக்குப் போயி அழுதியே” என்றான் கபிரியேல். “அந்தாளு கண்ணு முன்னால ரோடு நகராம இருந்தாப் போதும். கடல்ல போறதை நிறுத்தணும்னா என்னட்டி செய்வோம்?”

அவள் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்த மனுசன் வாயிலிருந்து உருப்படியாக வந்த முதல் பேச்சு அது என்று அவளுக்குப் பட்டது.

ஊரில் உள்ள அத்தனை வள்ளத்து நங்கூரமும் வந்தது. என்ஜினியர் வருகிற நாள் காலை, ரோடு ஏத்தத்தில் உச்சிக்கு ஏறி விலக்கோடு ஒட்டி நின்ற நேரம் பார்த்து, ரெண்டு ஓரத்திலும் நங்கூரங்களைக் கொத்திப் பனைமரங்களில் கயிற்றைக் கட்டி, கயிறு தெரியாமல் ஓலையைப் போட்டு மூடினார்கள். என்ஜினியர் நல்லசிவம் ஜீப்பில் வந்து இறங்கும்போது கடல் வற்றத் தொடங்கியிருந்தது. ரோட்டுக்குக் கடலுக்குப் போக வேண்டும், நங்கூரம் விடவில்லை. கட்டிப்போட்ட வள்ளம் அலையில் ஆடுமே, அப்படி நின்ற இடத்திலேயே ரோடு லேசாக ஏறி இறங்கி ஆடியது. ஊர்க்காரர்களுக்கு அது ஒரு ஆட்டமே இல்லை. நல்லசிவம் மேற்கே வயல்காட்டில் பிறந்து வளர்ந்தவர்.

அவர் குனிந்து ஒரு பொக்குளத்தைச் சுரண்டினார். “இது என்னம்மா வெள்ளையா?”

“கருவாடு காயப் போட்டோம் சார், அந்த உப்பு.”

“ரோடு பூராவுமா?”

“சாளை ரொம்பப் பட்டுது சார் இந்தத் தடவ.”

நல்லசிவம் நிமிர்ந்தார். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஒரு கையால் ஜீப்பைப் பிடித்தார், ஜீப்பும் ஆடியது.

“சார் மொத மொதல்ல கடலுக்கு...” என்று ஆரம்பித்த கபிரியேலின் காலைப் பனிமயம் ஒரு மிதி மிதித்தாள்.

“காலைல என்ன சார் சாப்ட்டிய?” என்று கேட்டாள் அவள்.

“பொங்கல்.”

“அதான் பித்தம்.”

அவர் ரோட்டோரம் ஓடிப்போய்க் குனிந்து, தின்ற பொங்கலையெல்லாம் ஒரு நங்கூரத்தின் மேலேயே கக்கினார். முதுகைத் தடவிவிட நாலு பேர் போனார்கள், சோடா வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, அவர் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் தேரிக்காட்டுப் பனைகள் ஏறி ஏறி இறங்கின. “ரோடு நல்லாருக்கு, நல்லாருக்கு, வண்டிய எடுப்பா” என்றார். அதற்குப் பிறகு அந்தப் புண்ணியவான் கடலோரப் பக்கமே மாற்றல் கேட்டதில்லை.

ரெக்ஸ்லின் வந்தாள். கை நிறைய வளையலும் தள்ளிய வயிறுமாக, ஏத்தம் முடிகிற நேரத்தில் அவள் கார் விலக்கில் ரோட்டின்மேல் ஏறியது. வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே வத்தம் தொடங்கிவிட, டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான், ரோடே காரைக் குலுங்காமல் கொண்டுவந்து பனிமயத்தின் வாசலில் நிறுத்தியது. பனிமயம் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு ரோட்டில் உட்கார்ந்து அதன் முதுகை ரெண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தாள். பெண் பிள்ளை பிறந்தது. தாயைப் போலக் கறுப்பு, பாட்டியைப் போல வாய். எந்தத் தொட்டிலில் போட்டாலும் தூங்காது. ஏத்த நேரத்தில் ரோட்டில் பாயை விரித்துப் போட்டால் நொடியில் கண்ணை மூடிவிடும், பக்கத்தில் காவலுக்குப் படுத்த கபிரியேல் அதற்கு முந்தியே மூடிவிடுவான்.

மூன்றாம் மாதம் பிள்ளையையும் தாயையும் அழைத்துப்போக மாமியார் வீட்டார் வருவது முறை. வருவார்கள் என்று பனிமயத்துக்குத் தெரியாதா? தெரியும். சாவு வரும் என்று தெரிகிற மாதிரித் தெரியும், அதற்காக நாள் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறோம். லெயோனம்மாளும் பிரிட்டோவும் ஒரு வேனில் காலை ஏத்தத்தோடு வந்து இறங்கி, “ரோடு அருமையா இருக்கே சம்பந்தி” என்று சொன்னபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

அன்று மத்தியானம் அவள் ஆக்கின ஆக்கு ஊர் கண்டதில்லை. சீலா மீன் குழம்பை இறக்கிவிட்டு நண்டுக்கு அடுப்பை மூட்டினாள், நண்டை இறக்கிவிட்டுக் கணவாய்க்கு வெங்காயம் அரிந்தாள், “ஒரு வாய், இன்னும் ஒரு வாய்” என்று போட்டுப் போட்டு, லெயோனம்மாள் கையலம்ப எழுந்திருக்கும்போது ரோடு கிழக்கே இறங்கிப் போய்விட்டது. “அடடா, பேச்சு ருசியில பாக்காம வுட்டுட்டேனே. ராத்திரி ஏத்தத்துல பிள்ளை பெத்த ஒடம்போட தேரிக்காட்டைத் தாண்ட வேண்டாம். காலைல போலாம்” என்றாள் பனிமயம்.

மறுநாள் காலை கடல் ஏறியது. ரோடு ஏறவில்லை.

அதற்கடுத்த நாளும் ஏறவில்லை. தலையைக் கடலுக்குள் விட்டபடி, வால் தேரிக்காட்டு நடுவில் நிற்க, ரோடு அப்படியே கிடந்தது. பஸ் விலக்கோடு திரும்பிப் போனது. ஐஸ் வண்டி வரவில்லை, பட்ட மீனை விற்க வழியில்லாமல் ஊரே ரெண்டு வேளையும் மீனைத் தின்றது, தின்று தீராததைக் கருவாடு போட்டது. காரணம் எல்லாருக்கும் தெரியும். பனிமயத்தின் வீட்டுக் கொல்லையில் நின்ற பூவரச மரத்திலிருந்து ஒரு கயிறு போய் ரோட்டின் ஓரத்தில் இறங்கியிருந்தது, கயிற்றின் முனையில் ஒற்றை நங்கூரம் இருந்தது. ஊர் நங்கூரம் பூராவும் சேர்ந்து பிடித்த ரோட்டை இந்த ஒற்றை நங்கூரம் எப்படிப் பிடிக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட, “பெத்தவ வயிறு. ரெண்டு நாள் கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, அந்தக் கயிற்றில் தடுக்கிவிடாமல் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

நங்கூரம் கபிரியேலின் வள்ளத்து நங்கூரம். அது இல்லாமல் நடுக்கடலில் வள்ளம் நிற்குமா? அவன் அடுக்களைக்குப் போய் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் கயிறு கட்டிக் கடலில் போட்டான். பனிமயம் அரைக்க உட்கார்ந்தபோது அம்மி இருந்த இடம் காலியாக இருந்தது.

“அம்மி எங்கவே?” என்று கேட்டாள், அவன் கரைக்கு வந்ததும்.

“நங்கூரம் எங்கட்டி?” என்று கேட்டான் அவன்.

பிறகு அவள் மஞ்சளையும் மிளகாயையும் வாசற்படியில் வைத்துத் தண்ணீர்ச் செம்பால் நச்சினாள், அவன் அந்தக் கட்டி கட்டியான குழம்பை வழித்துத் தின்றான்.

லெயோனம்மாள் முதல் நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், ரெண்டாம் நாள் ரோட்டைத் திட்டினாள், பிறகு பொழுது போகாமல் ஒரு அரிவாள்மனையை வாங்கிக்கொண்டு மீன் அரியும் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். வார முடிவில் கருவாட்டுக்கு உப்புப் பதம் சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். “நீங்க ஏன் சம்பந்தி எங்க வீட்டுப் பக்கம் வந்து ஒரு நாளு இருந்ததில்ல?” என்று ஒரு தடவை கேட்டாள்.

“பொண்ணைக் குடுத்த வீட்டுல போயி உக்காந்து சாப்பிடறது எங்க பக்கம் வழக்கமில்ல சம்பந்தி.”

“நான் மட்டும் வெக்கமில்லாம ஒரு வாரமா உக்காந்து திங்கேனே” என்றாள் லெயோனம்மாள். கேட்டுச் சிரித்த பனிமயத்துக்கு அந்தப் பேச்சு மனசின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்கு மறுநாள் காலை ரெக்ஸ்லின் பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரைக் கொல்லையில் ஊற்ற வந்தாள். ஏத்த நேரம். ரோடு மேலே ஏற முட்டிக்கொண்டிருந்தது, கயிறு விறைத்துப்போய் உறுமியது, பூவரச மரம் வேரோடு சாய்ந்துகொண்டிருந்தது. மரத்தடியில் பனிமயம் ரெண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எம்மா, அவுத்து வுடும்மா.”

“எதை?”

“நங்கூரத்தை.”

“எந்த நங்கூரத்தை?”

“அப்பா அம்மியத் தூக்கிட்டுக் கடலுக்குப் போறாரு, நீ செம்பை வச்சு மசாலா நச்சுற, எனக்குத் தெரியாதாக்கும்.”

பனிமயத்துக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. “கூட ரெண்டு நாளு கெடக்கட்டுமேட்டி. ஊரு ஒலகத்துல இல்லாத கூத்தெல்லாம் ஆடி, கடல்தண்ணியத் தூக்கி ஊத்தி, இந்த ரோட்டை ஒன்னையக் கொண்டு வரத்தான போட்டேன்? கொண்டு போறதுக்கா போட்டேன்?” என்று சொல்லி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நீ போனால் இந்த வீட்டில் எனக்கு விடியவே விடியாது என்றாள். உன் அப்பனோடு நான் என்னத்தைப் பேசுவேன் என்றாள்.

ரெக்ஸ்லினும் அழுதாள். அழுதுகொண்டே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “சரி, நீ கட்டிப் போட்டுக்க. அடுத்த பிள்ளைப்பேத்துக்கு நான் பறந்தா வருவேன்?” என்று கேட்டாள்.

பனிமயத்தின் அழுகை பட்டென்று நின்றது. “அதுக்குள்ள அடுத்ததா? பச்ச ஒடம்புடி! அந்தப் பய பிரிட்டோவக் கூப்பிடு, நான் கேக்கேன்!”

“இப்ப இல்லம்மா. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்றாள் ரெக்ஸ்லின், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தி.

பனிமயம் எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எல்லாரையும் வண்டியில ஏறச் சொல்லு. பிள்ளைக்குக் காதை மூடு” என்றாள். பேரப்பிள்ளையின் கன்னத்தில் ஒரு மைப்பொட்டு வைத்தாள், ரோட்டில் நின்ற வேன் கதவைத் தானே சாத்தினாள், கொல்லைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தாள். ஒரு வாரத்து ஏத்தத்தையெல்லாம் அடக்கி வைத்திருந்த ரோடு, கயிறு விட்டதுதான் தாமதம், கடலிலிருந்து தலையை உருவிக்கொண்டு மேற்கே ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. வேன் போனது, வேனுக்குப் பின்னால் கூடை கூடையாகக் கருவாடு போனது, வேகத்தடை போனது, ஜன்னலில் லெயோனம்மாளின் வளையல் போட்ட கையும் ரெக்ஸ்லினின் கையும் ஆடிக்கொண்டே போயின, தேரிக்காட்டுச் செம்மண் தூசி எழும்பி எல்லாவற்றையும் மூடியது. ஊரே கரையில் நின்று பார்த்தது. பனிமயம் நங்கூரத்தை மடியில் வைத்துக்கொண்டு, தூசி அடங்குகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கபிரியேல் அம்மியைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்து, பாசியைத் தேய்த்துக் கழுவினான். நங்கூரத்தை எடுத்துக்கொண்டு போய் வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் போட்டான்.

மறுநாள் காலை ஏத்தத்துக்கு முன்னால் பனிமயம் பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து, ரோட்டின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய பை இருந்தது.

“எங்கட்டி?” என்றான் கபிரியேல், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

“திண்டுக்கல்லுக்கு. சம்பந்தி வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வாரேன்.”

“பொண்ணு குடுத்த வீட்டுல தங்குறது வழக்கமில்லையே.”

“ரோடு கடல்ல போயி முங்கிட்டு வாறது மட்டும் வழக்கமாக்கும்? இத்தனை நாளா இது அவ வாறதுக்கும் போறதுக்கும்தான்னு நெனச்சிக்கிட்டுக் கெடந்திருக்கேன் பாரும். எனக்கும் ரெண்டு காலு இருக்குல்லா.”

பையை நாற்காலிக்குப் பக்கத்தில் சரியாக வைக்க அவன் தூக்கினான். தோள் ஒரு பக்கம் இழுத்தது, உள்ளே இரும்பு எதுவோ கணீரென்று இடித்தது.

“என்னட்டி இவ்வளவு கனம்?”

“சீலாக் கருவாடு.”

கடல் ஏறியது, ரோடு ஏறியது. பனிமயம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, பையை ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேற்கே போனாள். கபிரியேல் அவள் தேரிக்காட்டில் ஒரு புள்ளியாகிற வரைக்கும் பார்த்துவிட்டு, கரைக்குப் போய் வள்ளத்தின் காலியான அணியத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு வீட்டுக்கு வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மியைத் தூக்கினான்.